பதினைந்து வயதுக்கு முன் என்ன நடந்தது?

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் தாஸ்மேனியா தீவில் சில நூறு பேரின் புறங்கையில் சிலிக்கோன் பசையைப் பூசி, அது இறுகியதும் உரித்து எடுத்தார்கள். தோலின் கோடுகள் அத்தனையும் அந்த அச்சில் பதிந்துவிடும். அதிகம் வெயில் படாத தோலில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். பல வருடம் வெயிலில் காய்ந்த தோலில் அந்தக் கட்டங்கள் தேய்ந்து, ஒரே பக்கமாக ஓடும் சில தடித்த கோடுகள் மட்டும் மிஞ்சும். ஆராய்ச்சியாளர்கள் அச்சுகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, ஒவ்வொரு கைக்கும் வெயில் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டார்கள்.

இது தோல் நோய் ஆராய்ச்சி இல்லை. அந்தக் கைகளுக்கு உரியவர்களில் 136 பேருக்கு மல்ட்டிபிள் ஸ்கிளீரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்ற மூளை நரம்பு நோய் இருந்தது. 272 பேர் அதே வயதும் பாலினமும் கொண்ட, நோயில்லாதவர்கள். எல்லோரிடமும் ஒரு கேள்வி: ஆறு வயதிலிருந்து பதினைந்து வயது வரை, விடுமுறை நாட்களில் எத்தனை மணி நேரம் வெயிலில் இருந்தீர்கள்? முப்பது, நாற்பது வருடத்துக்கு முந்தைய விளையாட்டு நேரத்தை யார் சரியாக நினைவு வைத்திருப்பார்கள்? அதற்குத்தான் சிலிக்கோன். ஞாபகம் தவறினாலும் தோல் தவறாது. 2003இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த முடிவு இது: சிறுவயதுக் கோடையில் நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ வெயிலில் இருந்தவர்களுக்கு, அதற்கும் குறைவாக இருந்தவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குதான். புறங்கை அச்சுகளும் அதையே சொல்லின.

நோயோ முப்பது வயதை ஒட்டி வருகிறது. கேள்வியோ பள்ளிக்கூட நாட்களைப் பற்றி. இந்த இடைவெளிதான் எம்.எஸ். ஆராய்ச்சியின் மையப் புதிர்.

எம்.எஸ். என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. நரம்பின் செய்தி வேகமாகப் போவது அதனால்தான். கிருமிகளைத் தாக்கவேண்டிய நோயெதிர்ப்பு அணுக்கள் மூளைக்குள் புகுந்து இந்த உறையை அரிக்கத் தொடங்கினால் அதுதான் எம்.எஸ். ஒரு நாள் காலையில் ஒரு கண் மட்டும் மங்கலாகத் தெரியும், கண்ணை அசைத்தால் வலிக்கும். சில வாரங்களில் சரியாகிவிடும். பிறகு ஒரு கால் மரத்துப்போகும், அதுவும் சரியாகும். கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இருக்கும். வெந்நீரில் குளித்தால் பார்வை இன்னும் மங்கும். இப்படி வந்து போய்க்கொண்டிருந்துவிட்டுப் பல ஆண்டுகள் கழித்து நடையையே பாதிக்கலாம். 1868இல் பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர் இதைத் தனி நோயாக வரையறுத்தார். இறந்தவர்களின் மூளையில் அவர் கண்ட கெட்டிப்பட்ட தழும்புகளே நோயின் பெயரில் இருக்கின்றன.

உலகத்தில் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2020இன் மதிப்பீடு. ஆனால் அவர்கள் சமமாகப் பரவி இல்லை. ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுகளில் ஒரு லட்சம் பேருக்கு 400 பேர். மங்களூரில் எடுத்த கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்கு 8 பேர் அளவில்தான். நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக நோய் கூடுகிறது.

ஸ்காட்லாந்துக்காரர்களின் ரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டிவிடலாம் போலத் தோன்றும். மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பதில் சந்தேகம் இல்லை. நோயெதிர்ப்பு அணுக்களுக்கு அன்னியப் பொருளை எடுத்துக் காட்டும் எச்.எல்.ஏ. மரபணுக்களில் ஒரு குறிப்பிட்ட வகை இருந்தால் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இதைத் தவிர சிறிய பங்காற்றும் மரபணு வேறுபாடுகள் இருநூறுக்கு மேல் தெரிந்திருக்கின்றன. இவற்றில் பல, சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன் கருங்கடலுக்கு வடக்கே புல்வெளிகளில் ஆடுமாடு மேய்த்தவர்களோடு வட ஐரோப்பாவுக்கு வந்தவை என்று 2024இல் பழங்கால எலும்புகளின் டி.என்.ஏ. காட்டியது. அந்த மரபணுக்கள் அன்று அவர்களைத் தொற்றுகளிலிருந்து காப்பாற்றியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் ஊகம்.

சரி, மரபணுதான் எல்லாம் என்றால் ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரவேண்டும். கனடாவில் இரட்டையர்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது நான்கில் ஒருவருக்குத்தான் வந்திருந்தது. மூன்று பேர் அதே மரபணுக்களை வைத்துக்கொண்டு நோயில்லாமல் இருந்தார்கள்.

அப்படியென்றால் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டில் வளர்வதுதான் காரணமா? அதுவும் இல்லை. ஜார்ஜ் ஈபர்ஸ் தலைமையிலான அதே கனடியக் குழு 1995இல் தத்துப்பிள்ளைகளை ஆராய்ந்தது. எம்.எஸ். வந்தவரோடு ஒரே கூரையின் கீழ் வளர்ந்த, ரத்த உறவு இல்லாத பிள்ளைகளுக்கு ஆபத்து ஊரில் மற்றவர்களுக்கு இருக்கும் அதே அளவுதான். வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றவில்லை. ஆனால் ஊர் மாறினால் ஆபத்து மாறுகிறது. எதுவோ ஒன்று ஒரு வீட்டின் அளவில் இல்லாமல், ஒரு நாட்டின் அளவில் வேலை செய்கிறது.

ஊர் மாறினால் என்ன ஆகும் என்பதைக் கவனித்த முன்னோடிகளில் ஒருவர் ஜெஃப்ரி டீன். பிரிட்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்துக்குப் போய் மருத்துவம் பார்த்தவர். அங்கே தன்னிடம் வந்த எம்.எஸ். நோயாளிகளில் பெரும்பாலோர் ஐரோப்பாவில் பிறந்து கப்பலேறி வந்தவர்கள் என்பது அவர் கண்ணில் பட்டது. தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்த வெள்ளையர்களிடம், அவர்கள் மூதாதையரும் ஐரோப்பியர்தான் என்றாலும், நோய் மிகக் குறைவு. கருப்பின மக்களிடம் அபூர்வத்திலும் அபூர்வம். டீன் அதோடு விடவில்லை. குடியேறிகள் எந்த வயதில் கப்பலேறினார்கள் என்று கேட்டார். அமெரிக்க நரம்பியல் வல்லுநர் ஜான் கர்ட்ஸ்கேயோடு சேர்ந்து 1971இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றும் பேசப்படுகிறது. பதினைந்து வயதுக்கு மேல் வந்தவர்கள் ஐரோப்பாவின் ஆபத்தைத் தங்களோடு கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே வந்துவிட்ட குழந்தைகளுக்குத் தென்னாப்பிரிக்காவின் குறைந்த ஆபத்தே வாய்த்தது.

எதிர்த்திசைப் பயணத்தையும் டீன் பார்த்தார். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பிரிட்டனுக்குக் குடியேறியவர்களிடம் எம்.எஸ். குறைவு. அவர்களுக்கு லண்டனிலும் மேற்கு மிட்லண்ட்ஸிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை அவரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1990இல் எழுதினார்கள். பிள்ளைகளின் விகிதம் பெற்றோருடையதை விட்டு விலகி, ஏறக்குறைய ஆங்கிலேயர்களின் விகிதத்துக்கு வந்துவிட்டிருந்தது. ஒரே தலைமுறையில்! மரபணு அவ்வளவு சீக்கிரம் மாறாது. லண்டனிலும் டொரொண்டோவிலும் ஒஸ்லோவிலும் வளரும் நம் பிள்ளைகளைப் பற்றித் தனியாகக் கணக்கு எடுத்தவர்கள் இருக்கிறார்களோ இல்லையோ, இந்த 1990 ஆய்வு அவர்களுக்கும் பொருந்தக்கூடிய செய்திதான்.

பதினைந்து என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்களை 2000இல் ஆராய்ந்தபோது, பதினைந்துக்கு முன் போனவர்களுக்கும் பின் போனவர்களுக்கும் அப்படியொரு கூர்மையான வித்தியாசம் தெரியவில்லை. ஆபத்துக் காலம் பிறப்பிலிருந்து இளமையின் தொடக்கம் வரை நீண்டு கிடக்கிறது என்றுதான் அந்தக் குழு சொன்னது. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. ஒரு பிறந்தநாளோடு உடல் கதவைச் சாத்திக்கொள்வதில்லை.

பிறப்பிலிருந்து என்று சொன்னோம். அதற்கும் முன்பே தொடங்குகிறது என்பதற்கும் தடயங்கள் இருக்கின்றன. கனடியக் குழு 2004இல் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தது. தாய் ஒருவர், தந்தை வேறு என்ற உடன்பிறப்புகளுக்கு, தந்தை ஒருவர், தாய் வேறு என்ற உடன்பிறப்புகளைவிட ஆபத்து கூடுதல். மரபணுப் பங்கு இரண்டிலும் ஒன்றுதான். அப்படியானால் கருப்பைக்கு ஏதோ ஒரு வேலை இருக்கிறது. அடுத்த வருடம் இன்னொரு செய்தி வந்தது. கனடா, பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் நாடுகளில் 42,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பிறந்தநாளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மே மாதத்தில் பிறந்தவர்கள் சற்று அதிகம், நவம்பரில் பிறந்தவர்கள் சற்றுக் குறைவு. வடக்கில் மே மாதத்துக் குழந்தை என்றால் தாயின் கர்ப்பகாலத்தில் பெரும்பகுதி இருண்ட குளிர்காலத்தில் கழிந்திருக்கும். பருவங்கள் தலைகீழாக இருக்கும் ஆஸ்திரேலியாவில் மாதங்களும் தலைகீழாகின. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எந்த நாட்டிலும் எல்லா மாதத்திலும் சமமாகக் குழந்தைகள் பிறப்பதில்லை; அந்த ஏற்றத்தாழ்வைச் சரியாகக் கழிக்காமல் விட்டால் இல்லாத விளைவும் இருப்பதுபோல் தெரியும் என்று 2013இல் எதிர்வாதம் வந்தது. பிறந்த மாதம் பார்த்து யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. இது ஜாதகம் பார்க்கும் விஷயம் அல்ல.

அதைவிட வலுவான சாட்சி ஃபின்லாந்தின் குளிர்பதன அறைகளில் இருந்தது. அங்கே 1983 முதல் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் வழக்கமான பரிசோதனை முடிந்த பிறகு மிஞ்சுவதைச் சேமித்து வைக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகி, சிலருக்கு எம்.எஸ். வந்தபின், அவர்களுடைய அம்மாக்களின் பழைய ரத்தத்தை எடுத்து வைட்டமின் டி அளவைப் பார்த்தார்கள். 2016இல் வந்த முடிவின்படி, கர்ப்பத்தின் தொடக்கத்தில் அந்த வைட்டமின் மிகக் குறைவாக இருந்த தாய்களின் பிள்ளைகளுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. குழந்தை பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத் துளியை வைத்து டென்மார்க்கில் செய்த ஆய்வும் இதே பக்கம் நின்றது. ஸ்வீடனில் அதேபோலச் செய்த ஆய்வில் எதுவும் தெரியவில்லை. அறிவியல் பெரும்பாலும் இப்படித்தான் நகர்கிறது, இரண்டு அடி முன்னால், ஒரு அடி பக்கவாட்டில்.

வைட்டமின் டி, தோலில் வெயில் படும்போது உடல் தானே தயாரித்துக்கொள்வது. எலும்புக்கு மட்டும் தேவை என்று நாம் படித்தது பாதிக் கதை. நோயெதிர்ப்பு அணுக்களின் வேகத்தை மட்டுப்படுத்துவதிலும் அதற்கு வேலை உண்டு. அமெரிக்க ராணுவத்தில் சேரும்போதும் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பார்கள். மீதியைத் தூக்கிப் போடாமல் உறையவைத்துவிடுவார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட்டோ ஆஷேரியோவும் கசாண்ட்ரா மங்கரும் அதில் எம்.எஸ். வந்த 257 பேரின் பழைய ரத்தத்தைத் தேடியெடுத்து 2006இல் எழுதினார்கள். வெள்ளையின வீரர்களில் வைட்டமின் டி அதிகம் இருந்தவர்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட ஆபத்து 62 சதவீதம் குறைவு. இருபது வயதுக்கு முன் எடுத்த ரத்தத்தில் இந்தத் தொடர்பு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. பிறவியிலேயே வைட்டமின் டியைக் குறைவாக வைத்திருக்கும் மரபணுக்கள் உள்ளவர்களுக்கும் எம்.எஸ். ஆபத்து கூடுதல் என்று 2015இல் தெரிந்தது. சோம்பலாக வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு இரண்டுமே வருகிறது என்ற சந்தேகத்தை இது பெருமளவு நீக்குகிறது, ஏனென்றால் மரபணு சோம்பலால் வருவதில்லை.

ஆனால் இந்தியாவை நினைத்துப் பாருங்கள். கொளுத்தும் வெயில் இருந்தும் வைட்டமின் டி குறைபாடு இங்கே நகரம் கிராமம் என்று பாராமல் பரவிக் கிடக்கிறது. அப்படியும் எம்.எஸ். குறைவு. வெயிலும் வைட்டமினும் மட்டுமே காரணம் என்றால் இந்தக் கணக்கு உதைக்கிறது. இன்னொரு ஆள் மேடைக்கு வரவேண்டும்.

அந்த ஆள் எப்ஸ்டைன்-பார் வைரஸ். 1964இல் லண்டனில் அந்தோணி எப்ஸ்டைன், பெர்ட் அச்சோங், இவோன் பார் ஆகிய மூவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முதன்முதலாகப் பார்த்த வைரஸ். உகாண்டாவிலிருந்து விமானத்தில் வந்த, ஒரு குழந்தையின் தாடைக் கட்டியிலிருந்து அது கிடைத்தது. எச்சில் வழியாகப் பரவும். உலகத்தின் வயது வந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் உடலில் அது இருக்கிறது. ஒருமுறை நுழைந்தால் பி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்களுக்குள் பதுங்கி ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். உங்களிடமும் என்னிடமும் பெரும்பாலும் இருக்கும்.

எல்லோரிடமும் இருப்பது எப்படி ஒரு அபூர்வ நோய்க்குக் காரணம் ஆகும்? பல வருடம் இந்தக் கேள்வியே ஆராய்ச்சியாளர்களின் வாயை அடைத்தது. நிரூபிக்க வேண்டுமானால் வைரஸ் இன்னும் தொடாத அந்த ஐந்து சதவீதம் பேரைப் பிடிக்கவேண்டும், அவர்களைப் பல வருடம் பின்தொடர வேண்டும், அதில் எம்.எஸ். வருபவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். லட்சங்கள் போதாது, கோடி வேண்டும். மறுபடியும் அமெரிக்க ராணுவத்தின் உறைபெட்டிதான் கை கொடுத்தது. ஒரு கோடிப் பேர், இருபது வருடம். பணியில் இருக்கும்போது எம்.எஸ். வந்தவர்கள் 955 பேர். போதுமான ரத்த மாதிரி இருந்தவர்கள் 801 பேர். அவர்களில் முதல் மாதிரி எடுத்தபோது வைரஸ் இல்லாதவர்கள் 35 பேர்தான். நோய் தொடங்கும் முன் அந்த 35 பேரில் 34 பேருக்கு வைரஸ் தொற்றிவிட்டிருந்தது. தொற்றியபின் ஆபத்து 32 மடங்கு. இதேபோல எச்சில் வழியாகப் பரவும் சைட்டோமெகலோ வைரஸையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

இதில் என் மனத்தைக் கவர்ந்தது அந்த 32 அல்ல. நரம்பிழை சேதமடைந்தால் ரத்தத்தில் ஒரு புரதம் கசியும். நோயாளிக்கு முதல் அறிகுறி தெரிவதற்குப் பல வருடம் முன்பே அந்தக் கசிவு தொடங்கிவிடும் என்பது முன்பே தெரிந்ததுதான். இந்த வீரர்களிடம் அந்தப் புரதம் எப்போது உயர்ந்தது என்று பார்த்தார்கள். எப்ஸ்டைன்-பார் தொற்றுக்குப் பிறகுதான் உயர்ந்தது, ஒருபோதும் அதற்கு முன் இல்லை. நோய் மறைமுகமாகத் தொடங்கி, அதனால் வைரஸ் உள்ளே வந்தது என்று தலைகீழாக வாதிட இனி இடமில்லை. ஆஷேரியோ குழுவின் இந்தக் கட்டுரை 2022 ஜனவரியில் சயன்ஸ் இதழில் வந்தது. அதே மாதம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக் குழு இன்னொரு துண்டைச் சேர்த்தது. வைரஸின் ஒரு புரதத்தின் ஒரு பகுதியும், மூளையில் நரம்பைத் தாங்கும் அணுக்களில் உள்ள ஒரு புரதமும் உருவத்தில் ஒத்துப்போகின்றன. வைரஸை எதிர்த்து உருவான எதிர்பொருள் ஆள் மாறி மூளையைப் பிடிக்கிறது.

வயது இங்கேதான் கதைக்குள் வருகிறது. ஏழை நாடுகளில், கூட்டுக் குடும்பங்களில், ஒரே தட்டில் சாப்பிட்டு, பாட்டி மென்று ஊட்டிய சோற்றில் வளரும் குழந்தைக்கு இரண்டு மூன்று வயதிலேயே இந்த வைரஸ் தொற்றிவிடும். சாதாரணச் சளிபோல வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. வசதியான நாடுகளில் குழந்தைக்குத் தனி அறை, தனிக் குவளை. பதின்ம வயதில்தான் முதல்முறை வைரஸ் வந்து சேரும். அப்போது கடும் காய்ச்சல், வீங்கிய தொண்டை, வாரக்கணக்கில் படுக்கை. மருத்துவர்கள் மோனோநியூக்ளியோசிஸ் என்பார்கள். இது வந்தவர்களுக்கு எம்.எஸ். ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. அம்மை சின்ன வயதில் வந்தால் தாங்கிவிடலாம், கல்யாண வயதில் வந்தால் ஆளை உருக்கிவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, இதுவும் அதே கணக்கு. முதிர்ந்த நோயெதிர்ப்பு மண்டலம் முதன்முறையாக இந்த வைரஸைச் சந்திக்கும்போது பேயாட்டம் ஆடுகிறது. பிஞ்சில் சந்தித்தால் சமரசம் செய்துகொள்கிறது.

தாஸ்மேனியக் குழு 2005இல் இன்னொரு கேள்வி கேட்டது: முதல் ஆறு வயதில் இரண்டு வயதுக்குட்பட்ட தம்பி தங்கையோடு எவ்வளவு காலம் வாழ்ந்தீர்கள்? எவ்வளவு அதிகமோ அவ்வளவு எம்.எஸ். குறைந்தது. சளி ஒழுகும் தம்பி ஒரு வகைத் தடுப்பூசி. ஆனால் டென்மார்க்கில் பெரிய அளவில் பார்த்தபோது அண்ணன் தம்பி எண்ணிக்கையால் வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் இதை நான் அடைப்புக்குறிக்குள்தான் வைத்திருக்கிறேன்.

பருவமடைதல் அடுத்த திருப்பம். அதற்கு முந்தைய வயதில் எம்.எஸ். வரும் சொற்பக் குழந்தைகளில் ஆண் பெண் ஏறக்குறைய சமம். பருவமடைந்த பிறகு பெண்கள் இரண்டு மூன்று மடங்காகிறார்கள். சீக்கிரம் வயதுக்கு வரும் பெண்களுக்கு ஆபத்து சற்றுக் கூடுதல் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. உடல் பருமனும் இந்த இடத்தில்தான் குறுக்கே வருகிறது. அமெரிக்க செவிலியர்கள் பதினெட்டு வயதில் இருந்த எடையை நினைவுகூர்ந்து சொன்னதை வைத்து 2009இல் எழுதியபோது, அந்த வயதில் மிகப் பருமனாக இருந்தவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்கு என்று தெரிந்தது. கோபன்ஹேகன் பள்ளிகளில் ஆண்டுதோறும் எடை பார்த்து எழுதிவைத்த மூன்று லட்சம் குழந்தைகளின் பதிவேடு, ஏழு வயதிலிருந்தே பருமனான சிறுமிகளிடம் அதே போக்கைக் காட்டியது. நாற்பதில் எடை போடுவதற்கும் எம்.எஸ்.ஸுக்கும் இப்படி நேரடித் தொடர்பு தெரியவில்லை. கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு இல்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரந்துகொண்டே இருக்கும், ரத்தத்தில் வைட்டமின் டியையும் இழுத்து வைத்துக்கொள்ளும், பருவமடைதலையும் முன்னே கொண்டுவரும். ஸ்வீடனில் பதின்ம வயதுப் பருமனும் ஆபத்தான எச்.எல்.ஏ. மரபணுக்களும் சேர்ந்திருந்தவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட ஆபத்து பத்து மடங்குக்கும் மேல். தனித்தனியாக இரண்டு மூன்று மடங்கு தரும் காரணங்கள் ஒன்றாகச் சேரும்போது கூடுவதில்லை, பெருகுகின்றன.

மற்றவற்றை விரைவாகச் சொல்லலாம். பதினொன்று முதல் இருபது வயதுக்குள் தலையில் பலமாக அடிபட்டு மூளை கலங்கியவர்களுக்கு, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பட்டவர்களுக்கு, ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல். பத்து வயதுக்கு முன் பட்ட அடிக்கு அந்த விளைவு இல்லை. பதினைந்து முதல் பத்தொன்பது வயதில் தினம் ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு 40 சதவீதம் கூடுதல். இவையெல்லாம் ஸ்வீடனின் கணக்குகள். அங்கே மக்கள் பதிவேடுகளை ஒன்றோடொன்று கோத்துப் பார்க்க வசதி உண்டு என்பதால் இந்தத் துறையில் அந்தச் சிறிய நாட்டின் குரல் பெரிதாகக் கேட்கிறது.

புகை மட்டும் விதிவிலக்கு. சிகரெட் ஆபத்தை ஒன்றரை மடங்காக்கும், எந்த வயதில் பிடித்தாலும். நிறுத்திப் பத்து வருடம் போனால் அந்தக் கூடுதல் ஆபத்து கரைகிறது. ஸ்வீடன்காரர்கள் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்ளும் ஈரப் புகையிலையால் எம்.எஸ். கூடுவதில்லை. ஆக, குற்றவாளி நிகோடின் அல்ல, நுரையீரலில் புகை உண்டாக்கும் எரிச்சல். (புகையிலை வாயில் வேறு நாசம் செய்யும் என்பதை இந்தியாவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.) வயது பாராத இந்த ஒரு காரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் மற்றவை எவ்வளவு வயது பார்த்து வேலை செய்கின்றன என்பது துலங்குகிறது.

இதையெல்லாம் படிக்கும் ஒரு அம்மா, கர்ப்பத்தில் நான் வெயிலில் நிற்கவில்லையே, பையன் குண்டாக இருந்தபோது கண்டிக்கவில்லையே என்று தன்னையே நொந்துகொள்ளக் கூடாது. இரண்டு மடங்கு ஆபத்து என்பது, ஆயிரத்தில் ஒருவருக்கு நோய் வரும் ஊரில் ஆயிரத்தில் இருவர் என்பதுதான். மீதி 998 பேர் அதே குளிர்காலத்தில், அதே எடையோடு, அதே வைரஸோடு நன்றாகத்தான் இருப்பார்கள். மக்கள்தொகை அளவில் தெளிவாகத் தெரியும் ஒரு காரணத்தை ஒரு தனி நோயாளியின் தலையில் கட்ட எந்த மருத்துவராலும் முடியாது.

மக்கள்தொகை அளவில் செய்யக்கூடியது தடுப்பூசி. 2022இல் மாடர்னா நிறுவனமும், தனியாக அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமும் எப்ஸ்டைன்-பார் தடுப்பூசியை மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கின. எம்.எஸ். குறைகிறதா என்று பார்க்கவேண்டுமானால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு அவர்களுக்கு முப்பது வயதாகும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் மோனோநியூக்ளியோசிஸ் குறைகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

நம்மைப் போன்ற நாடுகளுக்கு இதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. இங்கே வைரஸ் பிஞ்சிலேயே வந்து போய்விடுகிறது. கைக்குழந்தைக்குப் போட்ட ஊசியின் பாதுகாப்பு பத்து வருடத்தில் தேய்ந்துபோனால், இரண்டு வயதில் வந்திருக்கவேண்டிய தொற்று பதினேழு வயதில் வரும். இது வெறும் பயம் அல்ல. ரூபெல்லா தடுப்பூசியில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. கிரேக்க நாட்டில் 1970களின் நடுப்பகுதியிலிருந்து குழந்தைகளில் பாதிப் பேருக்குக்கூட அந்த ஊசி எட்டாமல் அரைகுறையாகப் போட்டார்கள். ஊரில் வைரஸின் நடமாட்டம் குறைந்தது. ஊசி போடாத பிள்ளைகளுக்குச் சிறுவயதில் தொற்று வாய்க்கவில்லை. அவர்கள் வளர்ந்து கர்ப்பம் தரித்த காலத்தில், 1993இல், ரூபெல்லா திரும்பி வந்தது. கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகள் 25 பேர் என்று ஆய்வகம் உறுதிசெய்தது. எப்ஸ்டைன்-பார் ஊசி தயாரானால், அது எத்தனை வருடம் தாங்கும் என்பது ஸ்டாக்ஹோமில் இருப்பவரைவிடச் சென்னையில் இருப்பவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி.